கூட்டினால் நாற்பது

நவம்பர் 4, திங்கள்

கோயம்புத்தூர் போய் வந்தேன். வீட்டில் பயிற்சி வகுப்பு என்று சொல்லியிருந்தேன். டீச்சர் வேலையில் இது ஒரு வசதி. எந்தத் தேதியில் பயிற்சி என்று சொன்னாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

லேபில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஏழு இலக்கத்தில் ஒரு எண். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு இந்த எண்ணைச் சொன்னால் போதுமாம். போனுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம், நானே கூப்பிடுகிறேன் என்று கவுன்ட்டரில் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் என் போனுக்கு மணி அடித்தால் ஓடிப்போய் எடுப்பது என் வீட்டுக்காரர்தான்.

உக்கடத்தில் உடுமலை பஸ் வருவதற்குள் எண்ணை இந்த டைரியில் எழுதிக்கொண்டேன். 4374697. எழுதியதும் சரிபார்த்தேன். சீட்டில் உள்ள இலக்கங்களைக் கூட்டினேன், நாற்பது. டைரியில் கூட்டினேன், நாற்பது. இருபத்தாறு வருஷமாகக் கணக்கு டீச்சர். சரிபார்க்காமல் எதையும் மூடிவைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சீட்டை வீட்டுக்கு வந்ததும் மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் செருகிவிட்டேன். அதை என்னைத் தவிர இந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

பஸ்ஸில் சும்மா உட்கார முடியவில்லை. எண்ணைப் பிடித்துக்கொண்டேன். ஒற்றைப்படை. நாற்பது மூன்றால் வகுபடாது, ஆகவே இதுவும் வகுபடாது. கடைசியில் ஐந்தோ சைபரோ இல்லை. ஏழால் வகுத்தால் மீதி 5. பதினொன்றால் 8. பதிமூன்றால் 2. பொள்ளாச்சி வந்துவிட்டது.

பகா எண்ணாக இருக்குமோ? ஒரு எண் இரண்டாக உடைவதானால், இரண்டில் சின்னது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இந்த எண்ணுக்கு அது 2091. அதற்குள் 316 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து, எதிலும் மீதி சைபர் வராவிட்டால், உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கால்குலேட்டரைத் தொடப்போவதில்லை. பத்து நாள் போக வேண்டுமே.

நவம்பர் 5, செவ்வாய்

வலது கையைத் தூக்கினால் ஊசி போட்ட இடம் சுருக்கென்கிறது. போர்டின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். "டீச்சர், பின்னாடி தெரியலீங்" என்று ஒரே சத்தம். எழுந்து நின்று பாருங்கள் என்றேன். ஒன்பதாம் வகுப்பு முழுக்க நின்றுகொண்டே இயற்கணிதம் படித்தது.

சரி, எழுதிவிடுகிறேன். டைரியிடமே ஒளித்து என்ன ஆகப்போகிறது. வலது மார்பில் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. நேற்று அதிலிருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றும் இருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். நல்ல நிகழ்தகவுதான். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை.

மகள் கயலிடம் சொல்லவில்லை. திருச்சியில் செமஸ்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. உடுமலைச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் பம்புசெட் மோட்டார் கருகினாலும் நாச்சிமுத்து கடைக்குத்தான் வரும். நல்ல மனுஷர். ஆனால் கயலுக்குக் காதுகுத்தியபோதே மயங்கி விழுந்தவர். ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு அவரை எதற்காகக் கலங்கடிக்க வேண்டும்?

17-க்கு மீதி 2. 19-க்கு 4. 23-க்கு 5. 37-க்கு மறுபடியும் 2.

நவம்பர் 7, வியாழன்

211 வரை. ஒன்றும் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

ஸ்டாஃப் ரூமில் தையல் டீச்சர் ருக்குமணி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். வண்டி நம்பர், வீட்டு நம்பர், மருமகன் பிறந்த தேதி, எதைக் கண்டாலும் கூட்டிப் பார்க்கிற ஜாதி.

"ஏனுங் டீச்சர், என்ன நம்பருங் இது? புது வண்டிங்களா?"

"சும்மா ஒரு கணக்குங்க."

"கூட்டுனா நாப்பது. நாலு வருதுங். ராகு. வேண்டாமுங் டீச்சர், மாத்திப் போடுங்."

எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ராகுவுக்கு வேற வேலை இல்லையா, நம்பருக்கு நம்பர் வந்து உக்கார? படிச்ச பொம்பளைதானே நீங்க?" என்று கத்திவிட்டேன். ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது. பாவம், அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. சாயங்காலம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லீங், உங்களுக்கு ஒடம்பு செரியில்லையாட்ட இருக்குது" என்றாள். எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்.

தெளிவுக்காக எழுதிவைக்கிறேன். இந்த எண் பகா எண்ணா இல்லையா என்பதற்கும் டெஸ்ட் ரிசல்ட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கணக்கு தெரிந்த யாருக்கும் இது தெரியும்.

461 வரை. ஒன்றும் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

அடுக்களை டப்பாக்களுக்கெல்லாம் பேப்பரில் பெயர் எழுதி ஒட்டினேன். கடுகு, சீரகம், வெந்தயம், சாம்பார்ப் பொடி, ரசப் பொடி. ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த வேலை. அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கடுகுக்குமா அம்மிணி பேரு? இத்தன வருஷம் அது கடுகுன்னு தெரியாமலா தாளிச்சே?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெதுக்கு?"

அவரை நிற்கவைத்து ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். நுரை கட்டியதும் இறக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். கொதிக்கவிட்டுவிட்டார். கோபமாக வந்தது. அப்புறம் அழுகை வந்தது, வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன். ரசத்துக்கு வெங்காயம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்த மட்டும் நல்லது.

மத்தியானம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். காயில் சுற்றிக்கொண்டிருந்தார். செம்புக் கம்பியில் ஒரு காயிலுக்கு நூற்றிருபது சுற்று. எண்ணுகிற மெஷின் வாங்கிப் போட்டும் அதை நம்பமாட்டார், வாயால்தான் எண்ணுவார். எண்ணும்போது எதிரில் யார் வந்து நின்றாலும் நிமிரமாட்டார். ஒரு சுற்று குறைந்தாலும் மோட்டார் சூடேறிக் கருகிவிடும் என்பார். ஒரு தடவை தாசில்தாரையே வாசலில் நிற்கவைத்தார். கயல் பிறந்த செய்தி வந்தபோதும் தொண்ணூற்றெட்டில் இருந்தாராம், நூற்றிருபதை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இன்றும் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாமா என்று தோன்றியது. எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பரீட்சைத் தாள் திருத்தினேன். கோபிகா என்கிற பெண் கேள்வியில் இருந்த 53-ஐ 35 என்று எழுதிக்கொண்டு, அதற்கப்புறம் ஒரு பிழை இல்லாமல் கணக்கைப் போட்டிருக்கிறாள். சைபர் போட்டேன். "கேள்வியையே மாத்தி எழுதிட்டா, அது யாரோட கணக்கு?" என்று வகுப்பில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

எண் வேலை ஓடுகிறது. நோட்டில் நாற்பது பக்கம் நிரம்பிவிட்டது. 1187 வரை.

நவம்பர் 14, வியாழன்

பத்தாவது நாள். லேபுக்குக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தின விழா. அந்த மைக் சத்தத்தில் எங்கே பேசுவது?

1471 வரை.

நவம்பர் 15, வெள்ளி

கூப்பிடவில்லை. பாதியில் விடுவானேன், எண்ணை முடித்துவிட்டே கூப்பிடுகிறேன். இன்னும் எண்பதுக்கும் குறைவுதான் பாக்கி. இத்தனை தூரம் வந்துவிட்டது, இது பகா எண்தான். ஒன்றும் தானும் தவிர உள்ளே வேறொன்றும் கிடையாது. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு ருக்குமணியைத் திட்டியவள்தானே நான்?

நவம்பர் 16, சனி

1723.

மீதி சைபர்.

மூன்று தடவை வகுத்துவிட்டேன். பெருக்கியும் பார்த்துவிட்டேன். 1723 × 2539 = 4374697. இரண்டுமே பகா எண்கள்.

உள்ளே இருந்திருக்கிறது. பதின்மூன்று நாளாக, 268 எண்களுக்குப் பின்னால் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது.

டீ போட்டேன், குடிக்கவில்லை. துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடி எடுத்துத் துவைத்தேன். சம்பந்தம் இல்லை, சம்பந்தம் இல்லை என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. பக்கத்து வீட்டிலிருந்து "யாருகூடங் பேசறீங்?" என்று கேட்டார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 18, திங்கள்

மத்தியான இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு லேபுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"பேரு சொல்லுங் மேடம்."

"பேரெல்லாம் வேண்டாம்மா. நம்பர் சொல்றேன், போதும்." யாராவது பழைய மாணவியாக இருந்து, 'சம்பூர்ணம் டீச்சருங்களா' என்று கேட்டுவிட்டால் ராத்திரிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"செரி, சொல்லுங்."

சீட்டு எதற்கு, டைரி எதற்கு? தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். நாலு மூணு ஏழு நாலு ஆறு ஒம்பது ஏழு.

கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எத்தனை சைக்கிள் நிற்கிறது என்று எண்ணினேன். நாற்பத்தொன்று.

"நார்மலுங் மேடம். பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங். சீட்டக் கொண்டாந்து ரிப்போர்ட் வாங்கிக்குங்."

அப்பாடா! அப்படியே சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எண்ணுக்குள் 1723 இருக்கிறது, எனக்குள் ஒன்றும் இல்லை. நான் முதலிலேயே சொன்னேனே, இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது!

சாயங்காலம் மைசூர்பாகு வாங்கி ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கொடுத்தேன். ருக்குமணிக்கு இரண்டு. எதற்கு என்று கேட்டவர்களிடம் ராகு விலகிவிட்டது என்றேன். கோபிகாவைக் கூப்பிட்டு இரண்டு மார்க் போட்டேன். போர்டின் மேல்பாதியில் எழுதினேன். வலித்தது, வலித்தால் வலிக்கட்டும். வீட்டில் அவர் வைத்த ரசத்தை நல்லா இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 20, புதன்

கயலோடு ஒரு மணி நேரம் பேசினேன். "என்னம்மா, ரொம்பக் குஷியா இருக்கே?" என்றாள். சனிக்கிழமை மறுபடியும் 'பயிற்சி வகுப்பு'. ரிப்போர்ட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, உக்கடத்தில் ஒரு நல்ல காப்பி குடிக்க வேண்டும்.

நவம்பர் 22, வெள்ளி

நாளைக்குப் போவதற்காக அட்டவணைப் புத்தகத்திலிருந்து சீட்டை எடுத்தேன்.

4374967.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்பது, ஆறு, ஏழு. டைரியில் ஆறு, ஒன்பது, ஏழு.

உக்கடத்தில் மாற்றி எழுதியிருக்கிறேன். சரிபார்த்தேனே என்றால், என்ன பார்த்தேன்? கூட்டிப் பார்த்தேன். இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறுமா? நாற்பது எப்போதும் நாற்பதுதானே! இதை எட்டாம் வகுப்புக்கு நானே நடத்துகிறேன். கூட்டிச் சரிபார்க்கிற முறையில் இந்தத் தப்பு சிக்காது, பிள்ளைகளே, ஜாக்கிரதை என்று வருஷா வருஷம் சொல்கிறேன். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 270. இலக்கம் இடம் மாறினால் அப்படித்தான், ஒன்பதால் வகுபடுகிறது. அதுவும் பாடத்தில் உள்ளதுதான். படிக்காத ஒரு மனுஷி ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்திருப்பாள், அப்போதே கண்டுபிடித்திருப்பாள். நான் கணக்கு டீச்சர், கூட்டினேன்.

அந்தப் பெண் பேர் கேட்டாள். வேண்டாம் என்றதும் நான்தான்.

அந்த நார்மல் வேறு யாரோ ஒருத்தியுடையது. அந்தம்மா எங்கே இருக்கிறாளோ, நல்ல சேதி வந்திருப்பது தெரியாமல் இன்னும் பயந்துகொண்டிருக்கிறாளோ என்னவோ. அவளுடைய மைசூர்பாகை நான் ஊருக்குக் கொடுத்துவிட்டேன்.

என் எண்ணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒற்றைப்படை, கூட்டினால் நாற்பது. அவ்வளவுதான்.

பயமாக இருக்கிறது. முதல் நாளிலிருந்தே பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 23, சனி

காலையில் ஏழு மணிக்கே கடைக்குப் போனேன். அவசர வேலையென்று ஆறு மணிக்கே வந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க."

நூற்றியெட்டு. நூற்றியொன்பது.

"ஏனுங்க, எனக்கு மார்ல ஒரு கட்டி. டெஸ்ட் எடுத்திருக்குது."

நூற்றிப் பத்து, நூற்றிப் பதினொன்று என்று வாய் அதுபாட்டுக்குப் போனது. நூற்றுப் பன்னிரண்டில் கை நின்றது. கம்பி விரலிலிருந்து நழுவி, சுற்றியதெல்லாம் பொலபொலவென்று தளர்ந்து மடியில் விழுந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எப்பத்திலிருந்து?"

"தீபாவளியிலிருந்துங்க. நாலாந்தேதி கோயம்புத்தூர் போனது அதுக்குத்தான்."

"ஏன் அம்மிணி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எண்ணிக்கிட்டிருந்தீங்க."

"இருபது நாளாவா எண்ணிக்கிட்டிருந்தேன்?"

அவர் ஷட்டரை இழுத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன், 1723 உட்பட. மயங்கி விழவில்லை. என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.

லேபில் ரிப்போர்ட் வாங்கி, டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே காத்திருந்தோம். கவரைப் பிரிக்கவில்லை. என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார்.

"அந்த நம்பரக் குடு. நானும் ஒடச்சுப் பாக்கறேன்."

சீட்டைப் பார்த்து எழுதினார். ஒவ்வொரு இலக்கத்திலும் விரலை வைத்து, இரண்டு தடவை. அப்புறம் வகுக்க ஆரம்பித்தார். இரண்டு போகவில்லை. மூன்று போகவில்லை. நாலைப் போட்டார்.

"ரெண்டுலயே போகலைன்னா நாலுல எப்படிங்க போகும்?"

"எதுக்கும் பாத்துக்கறது நல்லது."

ஆறு, எட்டு, ஒன்பது, பத்து, ஒன்றைக்கூட விடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். கால் ஆடுவது நின்றிருந்தது. பதினேழுக்கு வந்ததும் பேனா நின்றது.

"மீதி வரலியே. எங்கியோ தப்புப் பண்ணிட்டனாட்ட இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். ஈவு 257351. பதினேழால் பெருக்கினேன். பெருக்கிய பிறகு கூட்டிச் சரிபார்க்கவில்லை, ஒவ்வொரு இலக்கமாகச் சீட்டோடு வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"தப்பே இல்லீங்க. பதினேழுதான்."

"அவ்வளவுதானா? இதுக்கா இருபது நாளு?" என்றார்.

நர்ஸ் கதவைத் திறந்து எண்ணைக் கூப்பிட்டாள். "நாலு மூணு ஏழு நாலு ஒம்பது ஆறு ஏழு!"

எனக்கு முன்னால் அவர் எழுந்துவிட்டார். "நாங்கதானுங்," என்றார்.

இருக்கிறது. ஆரம்பக் கட்டம்தான் என்றார் டாக்டரம்மா. டிசம்பர் 2 ஆபரேஷன். அப்புறம் மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும். சரியாகிவிடுமா என்று அவர் கேட்டார். பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். எவ்வளவு சதவீதம் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

கயலுக்குச் சொன்னோம். அழுதாள், அப்புறம் திட்டினாள். பரீட்சை முடிந்து வெள்ளிக்கிழமை வருகிறாள். கோபிகாவுக்குப் போட்ட இரண்டு மார்க்கைத் திரும்ப எடுக்கவில்லை, இருக்கட்டும். மூன்று மாத லீவுக்கு எழுதிக்கொடுத்தேன். ருக்குமணி காரணத்தைக் கேட்டாள். சொன்னேன். எதையும் கூட்டிப் பார்க்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

மத்தியானம் அட்மிட் ஆக வேண்டும். புது எண் கொடுத்திருக்கிறார்களாம். சீட்டு அவர் சட்டைப் பையில் இருக்கிறது, நான் வாங்கிப் பார்க்கவில்லை.

காலையில் கடைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அன்றைக்குத் தளர்ந்து விழுந்த காயில் அப்படியே மூலையில் கிடந்தது. மோட்டாருக்குச் சொந்தக்காரர் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இவருக்குத்தான் உட்கார்ந்தால் எண்ணிக்கை மனதில் நிற்கவில்லையாம். இருபதுக்கு மேல் போனால் தவறிவிடுகிறதாம்.

"நீங்க சுத்துங்க. நான் எண்றேன்," என்றேன்.

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டவில்லை, வகுக்கவில்லை, சும்மா ஒன்றன்பின் ஒன்றாக வாய்விட்டு எண்ணினேன். ஐம்பதில் தண்ணீர் குடித்தேன். நூறு வந்ததும் இன்னொரு வாய்.

நூற்றுப் பன்னிரண்டு என்றதும் அவர் கை தயங்கியது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நூத்திப் பதிமூணு," என்றேன். "சுத்துங்க."